காளமேகமும் நகையின் இலக்கணமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கு நோக்கிக் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து செல்வோர் சமயபுரத்தை அடைவர். மாரியம்மன் திருக்கோயிலால் தமிழகம் முழுவதும் அறியப்பெற்ற இவ்வூர்ப் பகுதிக்குக் கண்ணனூர் என்பது பழம்பெயர். 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீரசோமேசுவரன் தன் தென்னாட்டுத் தலைநகரை இங்கே அமைத்தான். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுத்து, தன் குலப்பெயர் விளங்கப் போசளேச்சுரம் என்று பெயரும் சூட்டினான். காலம் சென்றது. போசளர் ஆட்சி மறைந்தது. ஊரார் நினைவிலிருந்து குலப்பெயரும் மறைந்தது. 'போசள' என்னும் சொல்லின் பொருள் அறியாத பின்னோர், தாம் கதைகளில் கேட்டறிந்த போசராசனை அதில் ஏற்றி, போஜீசுவரர் கோயில் என்று வழங்கலாயினர். போசராசனுக்கும் அக்கோயிலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைக் கல்வெட்டுகளே பிற்காலத்தார்க்கு அறிவித்தன.

ஒரு சொல்லோசை இரண்டு பொருளுக்கு இடம் தந்த நிகழ்ச்சி இது. ஆயினும் இதனைக் கண்டு ஊரார் எவரும் சிரித்ததில்லை. காரணம் வெளிப்படை. ஒரு பொருள் முற்றும் அழிந்த பின்னரே மற்றொன்று அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. இரண்டு பொருளும் ஒரே நொடியில் ஒருவர் உள்ளத்தில் எதிரெதிரே நிற்கவில்லை. இரண்டையும் அறிந்த கல்வெட்டாய்வாளர் ஒருவர்க்கு வேண்டுமானால் புன்முறுவல் அரும்பியிருக்கலாம்.

சிறியதொரு நகைச்சொல் எதனால் சிரிப்பை விளைக்கிறது என்னும் வினாவுக்கு விடை தேடுவார்க்கு இக்கோயிற்பெயர் ஒரு பயனுள்ள தொடக்கம். சிரிப்பை விளைவிக்காத இருபொருள் எது என்பதை இது காட்டுகிறது. சிரிப்பை விளைக்கும் இருபொருள் எது என்பதை அறியக் கொள்ளிடத்தின் தென்கரைக்குச் செல்லவேண்டும். அங்கே, திருவானைக்காவில், 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்பெறும் காளமேகப் புலவரே தமிழ் நகைச்சொல்லின் தனிப்பெரும் முதல்வர்.

உறவும் கேலியும்

காளமேகத்தின் நகையை அறியுமுன் அது பிறந்த நிலத்தை அறிதல் நன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் அருகருகே உள்ளன. ஒன்றில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். மற்றொன்றில் சம்புகேசுவரரும் அகிலாண்டேசுவரியும் எழுந்தருளியுள்ளனர். கொள்ளிடத்தின் வடபால் சமயபுரத்தம்மன் வீற்றிருக்கிறாள். ஆண்டுதோறும் தைப்பூசத் திருநாளில் சமயபுரத்தம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அண்ணனாகிய அரங்கநாதரிடமிருந்து அவளுக்குச் சீர்வரிசை வருவது மரபு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வீட்டுச் சீர் தங்கையைத் தேடி வருவது போலவே இதுவும் நிகழ்கிறது.

அம்மை திருமாலின் தங்கை எனின், அம்மையின் கணவராகிய சிவபெருமான் திருமாலுக்கு மைத்துனர் ஆவார். மைத்துனர் இருவர் ஒருவரையொருவர் கேலி பேசுவது தமிழ் உறவுமுறையில் உரிமை. கடமை என்றுங்கூடச் சொல்லலாம். அயலான் சொன்னால் வசையாகும் சொல், மைத்துனன் வாயில் கேலியாகி விடுகிறது. சைவரும் வைணவரும் வாதிட்டுப் பகைத்த காலங்கள் உண்டு என்பதை வரலாறு மறைப்பதில்லை. எனினும், பகையினூடே இவ்வுறவும் வாழ்ந்தது என்பதனை மறந்தால் காளமேகத்தின் பாட்டு விளங்காது.

காலச்சூழலும் கருதத்தக்கது. 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்புகளால் திருவரங்கம் சீரழிந்தது. அரங்கநாதரின் திருமேனி பல்லாண்டுகள் ஊர்ஊராகச் சென்று மறைந்திருக்க நேர்ந்தது. விசயநகரப் பேரரசின் தளபதியான கோபண்ணர், கண்ணனூரில் இருந்த சுல்தானியப் படையை வென்று, 1371ஆம் ஆண்டில் அரங்கநாதரை மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்தார். இதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே காளமேகம் வாழ்ந்தார். கோயில்கள் மீண்டு, விழாக்கள் நடந்து, புலவர்கள் அவைதோறும் சென்று பரிசில் பெற்ற காலம் அது. அச்சம் நீங்கிய மக்களிடத்தே சிரிப்புக்கு இடம் உண்டாயிற்று எனலாம்.

வரதன் காளமேகம் ஆனமை

காளமேகத்தின் வரலாறாக இன்று வழங்குவது பெரிதும் செவிவழிச் செய்தியே. அட்டாவதானம் வீராசாமி செட்டியார் எழுதி 1876இல் வெளிவந்த வினோதரசமஞ்சரி அக்கதைகளைத் தமிழ்நாடெங்கும் பரப்பியது. அவற்றை உறுதிபெற்ற வரலாறு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன் நகைச்சுவைப் புலவனைப் பற்றி எத்தகைய கதைகளைச் சொல்லிக்கொண்டது என்பதும் வரலாறேயாகும்.

கதை இது. திருவரங்கத்துக் கோயில் மடைப்பள்ளியில் பணிசெய்த வைணவர் வரதன், திருவானைக்காக் கோயிலில் ஆடிப்பாடித் தொண்டுசெய்த மோகனாங்கியிடம் அன்பு பூண்டிருந்தார். மார்கழித் திங்களில் பெண்கள் கூடித் திருவெம்பாவை பாடினர். சிவனடியார் அல்லாதவரைத் தழுவமாட்டோம் என்னும் கருத்தமைந்த இடம் வந்ததும் மோகனாங்கியின் நா தடுமாறிற்று. உடனிருந்த பெண்கள் நகைத்தனர். அந்நகைப்பின் பயனாக மோகனாங்கி வரதனுக்குத் தன் வீட்டுக் கதவை அடைத்தாள், வரதன் சைவரானார். பின்னொரு நாள் இரவில் அவர் கோயிலுள் துயின்றிருக்க, அகிலாண்டேசுவரி தோன்றித் தன் வாய்த் தாம்பூலத்தை அளித்தாள். வேறொருவர் அருவருத்து மறுத்த அதனை வரதன் தயங்காது வாயேற்றார். கருமேகம் பொழிவது போலக் கவி பொழியும் காளமேகம் ஆனார்.

இக்கதையில் அம்மையின் அருளுக்கு முன்பே ஒரு சிரிப்பு நிகழ்ந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது. பெண்கள் எதைக் கண்டு நகைத்தனர்? பாட்டின் சொல் மாறவில்லை. எல்லாரும் நாள்தோறும் பாடும் வேண்டுதல், பாடுபவளின் வாழ்க்கையோடு சேர்ந்தபோது அவளைக் காட்டிக்கொடுக்கும் வாக்குமூலம் ஆயிற்று. அவளுடைய காதல் அங்கிருந்த அனைவர்க்கும் முன்பே தெரியும். அதனால் ஒருவரும் வாய்திறந்து எதனையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தெரியாதவள் ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்திருப்பின், ஏன் சிரிக்கிறார்கள் என்று விழித்திருப்பாள்.

தொல்காப்பியர் கண்ட நான்கு நிலம்

தமிழர் நகையை இலக்கணத்துள் வைத்து எண்ணிய பழமையினர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, நகையை அவற்றுள் முதலாவதாக வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடம் என நான்கனைக் கூறினார். பிறரை இகழ்தல், முதிராத பருவத்தின் செயல், அறியாமை, கொண்டதை விடாது நம்பும் எளிமை என்று இவற்றை விரித்துக்கொள்ளலாம். உரையாசிரியர்கள் எள்ளலை விளக்குமிடத்து, தான் பிறரை எள்ளி நகுதலோடு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலையும் சேர்த்துக் காட்டினர். எள்ளப்பட்டவனும் நகுவான் என்னும் இக்குறிப்பு ஆழமுடையது.

மேலைநாட்டு அறிஞரும் இவ்வினாவில் உழைத்துள்ளனர். 1790இல் செருமானிய மெய்யியலறிஞர் காண்ட், முறுகிநின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமற் போவதே சிரிப்பின் காரணம் என்றார். 1900இல் பிரெஞ்சு அறிஞர் பெர்க்சன், சிரிப்பு எப்பொழுதும் ஒரு கூட்டத்தின் சிரிப்பே என்று வற்புறுத்தினார். 1905இல் பிராய்டு, நகைச்சொல்லுக்குச் சொல்வோனும் சொல்லப்படுவோனும் போதா, கேட்டுச் சிரிக்க மூன்றாமவன் ஒருவன் வேண்டும் என்றார். சொற்சுருக்கமும் அதன் உயிர் என்று கண்டார். இவர்கள் கூறியவற்றுக்கெல்லாம் எடுத்துக்காட்டுகள் திருவானைக்காப் புலவரிடத்தே ஒருசேரக் கிடைக்கின்றன.

சொல் பிரியும் இடம்

இருபொருள்படும் சொல்லமைப்பைத் தண்டியலங்காரம் சிலேடை என்று கூறி, செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பகுக்கும். சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தருவது முன்னது. வேறுவேறாகப் பிரித்துப் பொருள்கொள்வது பின்னது.

திருமலைராயன் என்னும் சிற்றரசனின் அவைக்குக் காளமேகம் சென்றார். காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம் அவன் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே அதிமதுரகவியும் அவரைச் சூழ்ந்த 64 தண்டிகைப் புலவர்களும் வீற்றிருந்தனர். நீவிர் யாவர் என்று காளமேகம் வினவ, நாங்கள் கவிகள் என்று செருக்குடன் விடை வந்தது. 'கவி' என்பதற்குக் குரங்கு என்றும் பொருளுண்டு. அப்படியாயின் வால் எங்கே, குரங்குக்குரிய மற்ற உறுப்புகள் எங்கே என்று அவர் பாட்டிலேயே தேடத் தொடங்கினார். இது செம்மொழிச் சிலேடையின் ஆற்றல். புலவர்கள் தாமே கொடுத்த சொல்லால் தாமே கட்டுண்டனர். காளமேகம் தம் வாயால் அவர்களைக் குரங்கு என்று அழைக்கவில்லை. அவர்கள் சொன்னதை நம்பியவர் போலவே பேசினார். இந்தப் பொய்யான நம்பிக்கையே தொல்காப்பியர் கூறிய மடத்தின் வேடம்.

முருகனைப் பாடும் பாட்டு 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியவேண்டும் என ஒருவர் கேட்டார் என்பது மற்றொரு கதை. தெய்வத்தைப் பாடப் புகுந்தவரிடம் இழிந்த பொருள் இரண்டனைக் கொடுத்துத் தலைகுனிய வைப்பதே கேட்டவரின் நோக்கம். காளமேகமோ, முதற்சொல்லைச் 'செரு' என்று பிரித்துப் போர்க்களம் புகுந்த வீரனைக் காட்டினார். இறுதிச்சொல்லை, ஒன்றனை விளக்கும்படி என்னும் பொருளில் நிறுத்தினார். செருப்பும் துடைப்பமும் மறைந்து, வேலும் மயிலும் தோன்றின. இங்குக் கேட்போன் சிரிப்பது எதற்கு? புலவர் அகப்பட்டார் என்று எண்ணிய எதிர்பார்ப்பு காற்றில் கரைந்துபோனதற்கு. ஆயினும் காண்ட் கூறியவாறு அது வெறுமையாகிவிடவில்லை. வெறுமை இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு பொருள் நிறைந்து நின்றது. எளிதில் வியப்பாக மட்டுமே முடிந்திருக்கக்கூடிய இவ்வித்தை சிரிப்பாவதற்குக் காரணம், பழைய பொருளும் முற்றும் நீங்காது பின்னே நின்றுகொண்டிருப்பதே.

கண்ணனூர்க் கோயிற்பெயருக்கும் காளமேகத்தின் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கே ஒரு பொருள் இறந்து மற்றொன்று பிறந்தது. இங்கே இரண்டும் உயிரோடு ஓரிடத்தில் மோதுகின்றன.

சொல்லாமல் விட்டது

சிலேடை இல்லாத இடத்தும் காளமேகம் நகைக்க வைப்பார். மோர் விற்கும் ஆய்ச்சியரைப் பற்றிய பாட்டு எல்லாரும் அறிந்தது. வானத்தில் இருந்தபோது ஒரு பெயர், மண்ணில் இறங்கியபோது இன்னொரு பெயர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபோது மூன்றாவதாக மோர் என்னும் பெயர் என்று தண்ணீரை விளித்து அதன் பேற்றைப் புலவர் வியக்கிறார். கார், நீர், மோர் என எதுகை ஒழுங்காக இறங்கிவருகிறது. முதலிரண்டும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. அவற்றின் நடையிலேயே மூன்றாவதும் வந்து நிற்கிறது.

மோரில் தண்ணீரை மிகுதியாகக் கலந்தாய் என்னும் குற்றச்சாட்டு அப்பாட்டில் எங்கும் இல்லை. அதனைக் கேட்போனே தன் உள்ளத்தில் எழுதிக்கொள்கிறான். எழுதி முடிக்கும் நொடியே சிரிக்கும் நொடி. குற்றத்தை வெளிப்படையாகக் கூறியிருந்தால் அது சந்தைச் சண்டையாகியிருக்கும். நகைச்சொல்லின் அடிப்படை இங்கே தெளிவாகப் புலனாகிறது. சொல்வோன் பாதியைச் சொல்கிறான். கேட்போன் மீதியை முடிக்கிறான். முடிக்கத் தெரிந்தவனே சிரிப்பான். பிறர் முடித்துக் காட்டினால் பொருள் விளங்கும், சிரிப்பு வாராது.

வெண்பாவின் யாப்பும் இதற்குத் துணைசெய்தது. நேரிசை வெண்பா பதினைந்து சீர்களே உடையது. இரண்டாம் அடியின் இறுதியில் தனிச்சொல் ஒன்று நின்று, முன்னதையும் பின்னதையும் கதவின் கீல் போல இணைக்கும். இறுதியடி மூன்று சீரோடு குறைந்து, ஓரசைச் சீராலோ அதனை ஒத்த சிறு வாய்பாட்டாலோ சட்டென்று முடியும். நீளமான மூன்றடிகளைக் கேட்டுப் பழகிய செவி நான்காம் அடியில் ஒரு சீருக்கு இடம் வெறுமையாவதை உணர்கிறது. சிரிப்பு அவ்வெறுமையில் வந்து நிறைகிறது. விளக்கம் சேர்க்க யாப்பில் இடமில்லை என்பதே புலவருக்கு வாய்த்த நன்மை.

திருக்கண்ணபுரத்து வெண்பா இதற்குச் சான்று. சைவராகிவிட்ட காளமேகத்துக்கு அவ்வூர் வைணவர்கள் கோயிற்கதவை அடைத்தனர் என்றும், சிவனினும் திருமாலே உயர்ந்தவர் என்று பாடினால் திறப்பதாகக் கூறினர் என்றும் கதை சொல்லும். காளமேகம் உடனே இணங்கினார். சிவனைக் காட்டிலும் நீயே மிகுதியுடையாய் என்று திருமாலை விளித்துத் தொடங்கினார். வைணவர் மகிழ்ந்தனர். உன்னைக் காட்டிலும் நான் மிகுதியுடையேன் என்றார். அவர்கள் திகைத்தனர். தனிச்சொல் வந்து நிற்கிறது. பின்னர்க் காரணம் கூறுகிறார்: திருமாலுக்குப் பிறப்புப் பத்து, சிவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கோ எண்ணித் தொலையாத பிறப்புகள். உயர்வைக் குறித்த அளவுகோல் ஒரே நொடியில் பிறவியின் அளவுகோலாக மாறிவிட்டது. கேட்டவர்கள் கேட்டது கிடைத்தது, விரும்பியது கிடைக்கவில்லை.

இப்பாட்டில் அடிபட்டவர் யார்? திருமால் சற்றே தாழ்ந்தார் எனலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தவர் பாடியவரே. பிறவிக் கடலில் கிடந்து உழல்பவன் நான் என்னும் ஒப்புதல் அச்சிரிப்பின் அடியில் கிடக்கிறது. தம்மைத் தாமே எள்ளியவர் முன்னே வைணவரும் கதவைத் திறப்பதன்றி வேறு செய்வதற்கில்லை.

கருட சேவையைக் குறித்த பாட்டும் அத்தகையது. பெருமாளும் நல்லவர், திருவிழாவும் நல்லது என்று பத்தி பெருகத் தொடங்கும் புலவர், அவர் இருந்த இடத்தில் சும்மா இராமையால் பருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகிறதே என்று பதறுகிறார். கருடன் என்று உலகம் வணங்கும் ஒன்றனைப் பருந்து என்று சொன்னதே செய்த மாற்றம். கோழிக்குஞ்சைப் பருந்து கவர்வதைக் கண்டு தாய் அலறும் வீட்டுமுற்றம் கண்முன் வருகிறது. கடவுளைக் குழந்தையாக்கிப் பதறும் இவ்விடத்தில் கேலி எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டல் அரிது. மைத்துனர் வீட்டுக் கேலி என்று முன்னர்க் கூறியது இதனையே.

சத்திரத்துச் சோறும் இரண்டு உரையும்

நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவனின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த காளமேகம் பாடிய வெண்பா, நகை எவ்வாறு அளந்து செய்யப்படுகிறது என்பதற்கு அழகிய சான்று. கதிரவன் மறையும் வேளையில் அங்கே அரிசி வந்து சேரும். அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். மாலை, நள்ளிரவு, விடியல் என மூன்று பொழுதுகள். அரிசி, உலை, இலை என மூன்று நிலைகள். ஒவ்வொன்றும் தனியே நம்பத்தக்கது. மூன்றையும் கூட்டினால் மட்டுமே மிகை. பசித்தவனின் கண் கடிகாரம் போல நேரத்தை அளந்திருக்கிறது. அளவில்லாத மிகை வெறும் கூச்சல். அளந்த மிகையே நகை.

சத்திரத்தான் அஞ்சிவந்து வேண்ட, புலவர் அதே பாட்டுக்கு வேறு உரை கூறினார் என்பர். எங்கும் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் இச்சத்திரத்துக்கு அரிசி வரும். உலையிலிட்ட சோற்றால் ஊரின் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு நாணி வெள்ளிமீனும் எழுந்தோடும் என்பது புதிய பொருள். ஒரு சொல்லும் மாறவில்லை, பழி புகழாயிற்று.

இவ்விரண்டு பொருளும் ஒரே பாட்டிலிருந்து பிறந்தவையாயினும், முதற்பொருளுக்கு வாய்விட்டுச் சிரிப்பவர்கள் இரண்டாம் பொருளுக்குத் தலையசைப்பதோடு நின்றுவிடுவர். முதற்பொருளைக் கேட்போன் தன் சொந்தப் பசியால், பந்தியில் காத்திருந்த தன் நினைவால் தானே முடித்துக்கொள்கிறான். இரண்டாம் பொருளைப் புலவர் உரைகூறி முடித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. உரை தேவைப்படும் இடத்தில் திறமை புலப்படும், நகை புலப்படாது. ஆனால் இரண்டாம் பொருளுக்கு வேறொரு பயன் உண்டு. எள்ளப்பட்ட சத்திரத்தானும் ஊராரோடு சேர்ந்து சிரிக்க அது வழிதந்தது. தனக்கு மானம் திரும்பக் கிடைக்கும் வாயில் ஒன்று திறந்திருப்பதை அறிந்தவனே தன்மேல் வந்த கேலிக்குச் சிரிக்கமுடியும்.

அதே நாகப்பட்டினத்தில் காளமேகம் தாமே எள்ளப்பட்ட கதையும் உண்டு. சோறு எங்கே விக்கும் என்று தெருவில் நின்ற சிறுவனைக் கேட்டார். தொண்டையிலே விக்கும் என்றான் சிறுவன். விற்றலுக்கும் விக்கலுக்கும் பேச்சுவழக்கில் ஒரே ஓசை. சிலேடை வேந்தர், அறியாச் சிறுவன் ஒருவனின் ஒரு சொல்லில் சிக்கினார். புலமை இல்லாதவன் வாயிலிருந்து புலமை வந்தமையால் சிரிப்பு இரட்டிக்கிறது. தொல்காப்பியர் கூறிய இளமை இங்கே வென்றது. இக்கதையைக் காத்துவைத்த மக்கள் தம் புலவரைச் சிறுமைப்படுத்தவில்லை. நகைப்பவன் நகைக்கவும் படவேண்டும் என்னும் நீதியைக் காத்துவைத்தனர்.

நகை நின்றுபோகும் எல்லை

இந்நீதி மீறப்பட்ட இடமும் காளமேகத்தின் கதையில் உண்டு. திருமலைராயன் அவையில் அவருக்கு ஆசனம் மறுக்கப்பட்டது. நெருப்புக் குண்டத்தின்மேல் உறியில் அமர்ந்து, உடலைச் சூழக் கத்திகள் பிணிக்கப்பட்ட நிலையில், கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பாடும் எமகண்டம் என்னும் சோதனைக்கு அவர் உள்ளானார். வென்றபின்னும் அவரை மதியாமையால், அவ்வூரில் மண்மாரி பொழிக என்று வசைபாடினார் என்பது கதை.

அவ்வசைப்பாட்டிலும் சொல்லாற்றலுக்குக் குறைவில்லை. ஆயினும் அதைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. கேட்போன் முடித்துக்கொள்ள அதில் எதுவும் மிச்சமில்லை. எள்ளப்பட்டவன் புகுந்து தப்பும் வாயிலும் இல்லை. எள்ளல் நகையாவதும் வெகுளியாவதும் இவ்வொரு வாயிலைப் பொறுத்தே அமைகின்றன. நகைச்சொல் இயற்றுவோர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத்தக்க எல்லைக்கல் இது.

ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும்

காளமேகத்தின் தனிப்பாடல்கள் ஏட்டிலும் வாயிலும் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டு என்னும் தொகுப்பில் அச்சேறின. அவர் பெயரில் வழங்குவன எல்லாம் அவர் பாடியனவே என்று துணிதற்கில்லை. நல்ல சிலேடை எங்குப் பிறப்பினும் அதனைக் காளமேகத்தின் கணக்கில் எழுதுவது தமிழர் வழக்கமாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் அக்கணக்கில் பங்குபெற்றவர் கலைமகள் ஆசிரியராக விளங்கிய கி.வா.ஜகந்நாதன். 1906 முதல் 1988 வரை வாழ்ந்த அவர் பெயரால் எண்ணற்ற சிலேடைகள் வழங்குகின்றன. பழுதுபட்டு நின்ற மோட்டார் வண்டியைத் தள்ளுமாறு கேட்டபோது, முதுமையுற்ற அவர், தாம் தள்ளாதவர் ஆயிற்றே என்றார் எனச் சொல்வர். 'தள்ளாத' என்னும் சொல் தமிழில் முதுமையையும் குறிக்கும். வண்டியைத் தள்ளாமைக்குக் காரணமும் விளைவும் ஒரு சொல்லிலேயே அடங்கின. காளமேகத்தின் வழி மேடைப் பேச்சிலும் வண்டிப் பயணத்திலும் தொடர்ந்தமைக்கு இது சான்று.

எனினும் ஓர் அச்சம் இங்கே எழுகிறது. 'கவி' என்றால் குரங்கு என்று அறிந்தவர் இன்று எத்துணைப் பேர்? அச்சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுதப்பட்ட நாளிலேயே திருமலைராயன் அவையின் சிரிப்பு பாதி அடங்கிவிட்டது. கண்ணனூரில் போசளப் பெயருக்கு நேர்ந்தது சொற்களுக்கும் நேரும். சொல்லின் ஒரு பொருள் மக்கள் நினைவிலிருந்து நழுவும்போது, அதனோடு பின்னியிருந்த நகையும் ஓசையின்றி நழுவிவிடுகிறது. இறந்த சொல்லை அகராதி காக்கும். இறந்த சிரிப்பைக் காக்கும் அகராதி இல்லை. தமிழ் அவைகளும் மன்றங்களும் கூடிப் படிப்பதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. பாதிப்பாட்டைக் கேட்டு மீதியை முடிக்கவல்ல செவிகள் பல ஓரிடத்தில் கூடினாலன்றி நகை பிறப்பதில்லை.

எரியில் வெந்த வாய்

இவ்வுண்மையைக் காளமேகத்தின் இறுதிக் கதை யாவற்றினும் தெளிவாகக் காட்டுகிறது. அவர் காலத்தவராகக் கருதப்பெறும் இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடங்கியவர். ஒருவரை ஒருவர் சுமந்தும் வழிகாட்டியும் தலந்தோறும் சென்றவர்கள், வெண்பாவையும் அவ்வாறே பகிர்ந்துகொண்டனர். முன்னிரண்டு அடிகளை ஒருவர் தொடங்க, பின்னிரண்டை மற்றவர் முடிப்பார்.

திருவாரூரில் அவர்கள் சிவபெருமான் முப்புரம் எரித்ததைப் பாடத் தொடங்கினர். நாணாக அமைந்த பாம்பில் நஞ்சு. வில்லாக அமைந்த மலை வெறுங்கல். அம்பாக அமைந்த திருமால் மண்ணை உண்டவர். சொற்களோ வேறொன்றையும் உடன் சொல்லின: நாண் நைந்துபோனது, அம்பு மண் அரித்துப் பயனற்றது. இத்தகைய படைக்கலங்களைக் கொண்டு எவ்வாறு பகைவென்றாய் என்பதை நோக்கிச் சென்ற பாட்டு, பாதியிலே நின்றுவிட்டது. அதனை அப்படியே விட்டுச் சென்றனர். பின்னர் அவ்வழி வந்த காளமேகம், எப்படித்தான் எரித்தாயோ என்று சிவனையே வியந்து கேட்டு மீதியை நிறைத்துச் சென்றார். மீண்டு வந்த இரட்டையர் நிறைவுற்ற பாட்டைக் கண்டனர். தம் பாதியை இவ்வளவு பொருத்தமாக முடிக்கவல்லவர் ஒருவரே என்று உணர்ந்து, அவரைக் காணத் திருவானைக்காவுக்கு விரைந்தனர்.

அவர்கள் சென்று சேர்ந்தபோது காளமேகத்தின் உடல் சிதையில் எரிந்துகொண்டிருந்தது என்று மரபு கூறும். அந்நிலையில் இரட்டையர் பாடிய கையறுநிலை வெண்பா, திருவாரூர்ப் பாட்டின் அந்த ஒரு குறிப்பையே மீண்டும் எடுத்தது. மண் உண்ட அம்பைப் பற்றிய பாட்டில் விளையாடிய அவ்வாய் இன்று தீயில் வேகின்றதே என்று அவர்கள் அரற்றினர். சொல் அதுவே, அமைப்பு அதுவே, ஒன்றனுள் ஒன்று எதிர்பாராது புகுந்து நிற்கும் முறையும் அதுவே. முன்பு சிரிக்க வைத்தது இப்போது அழ வைத்தது. கேட்போன் இரண்டு பாட்டையும் அறிந்திருந்தாலன்றி இவ்வழுகையும் முழுமையாகாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைத்து, அதன் அருகிலேயே அழுகையை வைத்தார். திருவானைக்காவின் அந்தச் சிதையருகே நின்றவர்களுக்கு அவ்வரிசையின் நெருக்கம் விளங்கியிருக்கும். கதையின்படி, இரட்டையர் தொடங்கிய பாதியை முடிக்க ஒரு காளமேகம் இருந்தார். காளமேகம் விட்டுச்சென்ற நகையை முடிக்கவேண்டியவர்கள் அவர் பாட்டைக் கேட்கும் ஒவ்வொரு தலைமுறையினருமே ஆவர்.